கிருமி பீட்டர்

ஊரில் மூன்று பீட்டர்கள் உண்டு. ஒருவர் வாத்தியார் பீட்டர், இன்னொருவர் லாரி பீட்டர். மூன்றாமவரான ஜான் பீட்டருக்கு மட்டும் நாலைந்து வருசத்துக்கு ஒருதரம் பேர் மாறும். வனிலாக் கொடி ஏற்றியபோது வனிலா பீட்டர். காய் பறிக்கிற நேரம் பார்த்து விலை படுத்துக்கொண்டது. அப்புறம் ஈமு பீட்டர்; அந்தக் கோழிகள் தின்றதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை. திராட்சைப் பந்தல் போட்ட வருசம் ஆலங்கட்டி மழை கொட்டியது. "நான் கடலுக்குப் போனாலும் மொழங்கால் தண்ணிதான்யா" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். மற்றவர்கள் சிரிப்பதற்குள் தானே சிரித்துவிட்டால் அவ்வளவாக வலிக்காது என்பது அவர் கண்டுபிடிப்பு.

இப்போது அவர் கிருமி பீட்டர். வயிறு கெடாமலிருக்கக் கன்றுக்குட்டிகளுக்குப் பாலில் கலந்து கொடுக்கிற புரோபயாடிக் பவுடருக்கு ஏஜெண்ட். பால் சொசைட்டி வாசலில் கேனோடு நிற்கிறவர்களைப் பிடித்துக்கொள்வார். "ஒரு பாக்கெட்டுல அம்பது கோடிக் கிருமிய்யா! அத்தனையும் உசுரோட!" நல்ல கிருமி என்று சொல்ல வாயெடுப்பதற்குள் பாதிப் பேர் வண்டியைக் கிளப்பியிருப்பார்கள். மீதி ஆட்களிடம், "குளுகுளுன்னு வைக்கணும். சூடுபட்டா அம்பது கோடியும் செத்துரும்" என்று மறக்காமல் எச்சரிப்பார்.

முதல் பெட்டி மார்ச் மாதம் மதுரையிலிருந்து ஐஸ் வைத்து வந்தது. அதை எடுத்து வரும் வழியிலேயே, மூணு மாடு வைத்திருக்கிற மொக்கம்மாளிடம் ஒரு பாக்கெட்டை விற்றுவிட்டு, மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவர் சம்சாரம் வியாகுலமேரி பிரிட்ஜுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றாள்.

"கிருமியவா? என் பிரிட்ஜிலயா? உள்ள மாவு இருக்கு, மீன் இருக்கு."

"நல்ல கிருமி மேரி!"

"நல்ல கிருமின்னா ஒங்க வயித்துல வச்சுக்கங்க."

பெட்டி மாட்டுக் கொட்டகைக்குப் போனது. தகரக் கூரைக்குக் கீழே ஒரு பரண் இருந்தது, அதில் ஏறியது. ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்? சித்திரை வெயிலில் அந்தத் தகரம் தோசைக்கல்லாகக் காய்ந்ததை ஏஜெண்ட் அய்யா கவனிக்கவே இல்லை. அந்தப் பெட்டியிலிருந்துதான் இன்னும் ஆறு வீடுகளுக்கு விற்றார்.

ஈஸ்டர் அன்று காலைப் பூசைக்கு மணியடிக்கும்போது அவருடைய ஜெர்சிப் பசு பொட்டைக் கன்று போட்டது. ஈஸ்டரின் இன்னொரு பேரான பாஸ்கா என்றே பேர் வைத்தார்கள். இதற்கு முந்தி ஈன்ற ரெண்டு கன்றும் ஒரு மாசம்கூடத் தாண்டாமல் கழிச்சலில் போய்விட்டன. ரெண்டாவது போனபோது வியாகுலமேரி ரெண்டு நாள் பச்சைத் தண்ணிகூடக் குடிக்கவில்லை. "இன்னொண்ணு போச்சுன்னா மாட்டையும் வித்துருங்க. என்னால பாக்க முடியாது" என்றாள். ஜான் பீட்டர் அன்றைக்கு பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். அதை மட்டும் அவர் யாரிடமும் சொல்லிச் சிரித்ததில்லை.

ஒன்பதாம் நாள் பாஸ்காவுக்குக் கழிச்சல் கண்டது. வெள்ளை வெள்ளையாக, தண்ணியாக. பவுடரைக் காலையும் மாலையும் கரைத்து ஊற்றினார். மறுநாள் ரெட்டிப்பாக ஊற்றினார். கன்று எழுந்திருக்கவில்லை, கண் குழிவிழுந்துவிட்டது. கால்நடை டாக்டர் அருள்செல்வி வந்து டிரிப்ஸ் ஏற்றி, ஊசியும் போட்டாள்.

"தண்ணிச் சத்து ஏத்தியாச்சுண்ணே. இனி வயிறு தேறணும். ஒங்க பவுடரையே குடுங்களேன்."

"குடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன் டாக்டரம்மா."

"எங்கன வச்சிருக்கீக?"

அவர் மேலே காட்டினார். டாக்டரம்மா எட்டித் தகரத்தைத் தொட்டுவிட்டு வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். "போங்கண்ணே! அம்பது கோடிப் பொணத்தையில்ல கன்னுக்குக் கரைச்சு ஊத்தியிருக்கீக!"

வியாகுலமேரி அடுப்படிப் பக்கம், பிரிட்ஜ் இருக்கிற திசையில் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மதுரையிலிருந்து புதுப்பெட்டி வர ரெண்டு நாளாகும். அதுவரை கன்று தாங்குமா? அப்போதுதான் அவருக்கு மொக்கம்மாள் ஞாபகம் வந்தது. ஐஸிலிருந்து நேரே எடுத்துக் கொடுத்த பாக்கெட்! வண்டியை உதைத்தார்.

"மொக்கம்மாக்கா, மார்ச்சுல வாங்குனியே பவுடரு, ஒரு ஸ்பூனாவது மிச்சம் இருந்தாக் குடுக்கா. எங்க கன்னு கெடக்கு."

மொக்கம்மாள் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. உள்ளே போய், தண்ணிப்பானைக்கு அடியில் ஈரமணலைத் தோண்டிப் பாக்கெட்டை எடுத்து வந்தாள். ஒரு மூலைகூட வெட்டியிருக்கவில்லை.

"கோவிச்சுக்காத பீட்டரு. வேகாத வெயில்ல வந்து நின்னியே, பாவமா இருந்துச்சு, வாங்குனேன். அதுக்காகக் கன்னுக்குக் குடுத்துருவனா? நீ தொட்டது எதுப்பா வெளங்கியிருக்கு?"

"பெறகு எதுக்குப் பானைக்கடியில வச்ச?"

"சூடு ஆகாதுன்னு நீதான சொன்ன? சரி, உறைமோரு மாதிரி என்னமோ ஒண்ணு போலருக்குன்னு நெனச்சேன். உறைமோர எவளாச்சும் வெயில்ல வைப்பாளா?"

உறைமோர்! ஜான் பீட்டருக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. கம்பெனிக்காரன் ரெண்டு நாள் வகுப்பெடுத்து, இவர் ரெண்டு மாசம் தொண்டை கிழியக் கத்தியதை இந்த அக்கா ஒரே சொல்லில் சொல்லிவிட்டாள். உறைமோர் என்றிருந்தால் வியாகுலமேரி தானே பிரிட்ஜைத் திறந்து இடம் ஒதுக்கியிருப்பாளே! கிருமி கிருமி என்று கத்தி, சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டதுதான் மிச்சம்.

வெதுவெதுப்பான பாலில் கரைத்து, விரலை நக்கக் கொடுத்துக் கொடுத்துப் புகட்டினார்கள். நடுநடுவே உப்புச் சர்க்கரைத் தண்ணி. மூன்றாம் நாள் காலையில் பாஸ்கா தள்ளாடி எழுந்து, வாலைத் தூக்கி, மஞ்சளாக, கெட்டியாகச் சாணி போட்டது. புருசனும் பொண்டாட்டியும் அதைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார்கள். வியாகுலமேரி அழுதாள். இவரும் அழுதார், இந்தத் தடவை குழாயைத் திறக்காமல். கன்றைக் காப்பாற்றியது டிரிப்ஸ் என்றாள் டாக்டரம்மா. அந்தோணியாருக்குச் சொன்ன நவநாள் செபம் என்றாள் வியாகுலமேரி. ஏஜெண்ட் ஜான் பீட்டர் வாழ்க்கையில் முதல்தடவையாக வாயைத் திறக்கவில்லை.

அன்றைக்கே அந்த ஆறு வீடுகளுக்கும் போனார். "நான் குடுத்தது செத்த பவுடரு, மன்னிச்சுக்கங்க. புதுசு வந்ததும் மாத்தித் தாரேன்" என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னார். ஆனால் ஒரு வீட்டிலாவது பாக்கெட்டைப் பிரித்திருக்க வேண்டுமே! கர்ணன் வீட்டில் அது ஆடுகிற கட்டில் காலுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசையில், அவரவர் நன்றியைச் சொல்லி மன்றாடுங்கள் என்றார் சாமியார். ஜான் பீட்டர் முழங்காலில் நின்று, கண்ணை மூடி, மனசுக்குள் சொல்வதாக நினைத்துக்கொண்டு வாய்விட்டே சொன்னார்:

"ஆண்டவரே, என்னைய நம்பாதவுக எல்லாரும் நல்லாருக்கணும்."

பெண்கள் பக்கமிருந்து வியாகுலமேரியின் குரல் கோயிலுக்கே கேட்டது.

"ஆமென்!"