வெற்றிலை லாரியும் வலைக் கம்பங்களும்

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு வருடம் முன்பு, நாமக்கல்லில் நடந்த பெண்கள் பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு எங்கள் சாமான்கள் பஸ் கூரையில் போயின. ராசிபுரத்தைத் தாண்டியதும் புளியங்கிளை ஒன்று தட்டி, உயரம் தாண்டுவதற்கான இரண்டு கம்பங்களும் ரோட்டில் விழுந்து முறிந்தன. மற்ற பள்ளிகளிடம் மைதானம் இருந்தது, சாமான் இல்லை. தச்சரை வைத்துச் செய்த தடைக் கட்டைகளும் கம்பங்களும் வலைகளும் சேலத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்திய எங்கள் பள்ளியில்தான் இருந்தன. நான் அங்கே டிரில் டீச்சர். எங்கே போட்டி நடந்தாலும் அவற்றைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் பொறுப்பு.

கம்பம் இல்லாததால் கயிற்றின் இரு முனைகளையும் இரண்டு டீச்சர்கள் பிடித்துக்கொண்டு நின்றோம். எங்கள் பள்ளியில் ஒரு நெசவாளியின் மகள் படித்தாள். பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடி வந்து, என் தோள் உயரத்துக்குக் கிட்டத்தட்டத் தாண்டினாள். அவ்வளவு உயரம் அவள் அதுவரை தாண்டியதில்லை. நடுவர், கையில் பிடித்த கயிற்றுக்கு அளவு எழுத முடியாது என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரிதான். எங்கள் கைகள் ஏறியும் இறங்கியும் இருக்கும்.

"டீச்சர், அப்ப நான் தாண்டலையா?" என்று அவள் கேட்டாள்.

"தாண்டினே."

"அப்புறம் ஏன் எழுதலை?"

திரும்பி வந்ததும் எங்கள் தலைமைக் கன்னியாஸ்திரீயிடம் நடந்ததைச் சொன்னேன். மதர் என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவோம். திருச்சிப் பக்கத்துக்காரர், பேச்சு குறைவு. இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டு, "மாட்டு வண்டி நேரத்துக்குப் போக மாட்டேங்குது. பஸ்ல ஏத்தினா உடையுது. சின்னதா ஒரு மோட்டார் வண்டி வாங்கிடலாம். எதுன்னு நீயே பார்த்துச் சொல்லு" என்றார். மோட்டார் வண்டியைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

உண்மையில் எனக்குத் தெரிந்தது பஸ் மட்டும்தான். வருடக்கணக்காகப் பஸ்ஸில் அலைந்ததில் ஒன்றைக் கவனித்திருந்தேன். காலையில் எல்லா பஸ்ஸும் கிளம்பிவிடும். மத்தியானம் மல்லூரில் நிறுத்திவிட்டு மறுபடி கிளப்பும்போதுதான் தகராறு. கண்டக்டர் முன்னால் போய் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றுவார், ஆண்கள் இறங்கித் தள்ளுவார்கள். ஆகவே வண்டி எதுவானாலும் வெயிலில் கொஞ்ச தூரம் ஓட்டச் சொல்லி, நிறுத்தி, சூட்டோடு திரும்பக் கிளப்பச் சொல்வது என்று வைத்துக்கொண்டேன். கூடவே, எங்களிடம் இருந்ததிலேயே நீளமான வலைக் கம்பத்தின் அளவுக்கு ஒரு சணல் கயிற்றை வெட்டிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

முதலில் பார்த்தது கடைவீதி ஜவுளி வியாபாரி ஒருவரின் வண்டி. அவர் மகள் எங்களிடம் படித்தாள். பள்ளிக் கமிட்டியில் அவரும் உண்டு. பழைய அமெரிக்கக் கார் ஒன்றின் பின்பாதியை வெட்டிவிட்டுப் பலகை அடித்து, பச்சை வர்ணம் பூசி, ஓரத்தில் மஞ்சள் கோடும் இழுத்திருந்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கயிற்றின் ஒரு முனையைப் பின்கதவில் பிடிக்கச் சொல்லிவிட்டு மறு முனையை முன்னால் இழுத்துக்கொண்டு போனேன். அது டிரைவர் இருக்கையைத் தாண்டி ஹாரனில் போய் முட்டியது.

"கம்பத்தைக் கொஞ்சம் வெட்டிக்கலாமே டீச்சர்" என்றார் வியாபாரி.

"வெட்டினா வலை தரையில கிடக்கும் சார்."

ஜங்ஷன் வரை போய்த் திரும்பினோம். அவர் வீட்டு வாசலில் நிறுத்தி, மறுபடி கிளப்பச் சொன்னேன். டிரைவர் சுற்றினார், வியாபாரியும் சுற்றினார்; வண்டி கிளம்பவில்லை. "வெயிலுங்க. கொஞ்சம் ஆறட்டும்" என்றார் அவர். உள்ளே கூப்பிட்டு நன்னாரி சர்பத் கொடுத்தார். வண்டி ஆறுவதற்குள் அவர் மனைவி தன் மகளின் கணக்குப் பாடத்தைப் பற்றி என்னிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டார்.

பிறகு வேறு வழியாக யோசித்தேன். நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் கெட்டுப்போகும் சரக்கை யார் ஏற்றுகிறார்களோ, அவர்களிடம்தான் நம்பகமான வண்டி இருக்கும். ஒரு சனிக்கிழமை காலை மார்க்கெட்டுக்குப் போய் வெற்றிலைக் கடைக்காரர் ஒருவரிடம், எந்த வண்டி தினமும் தவறாமல் வருகிறது என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை.

"பரமத்தி வேலூர்க்கார அம்மா வண்டிதான். அது வந்தப்புறம்தான் நாங்க கடையத் தொறக்கறதே. இப்ப அவங்க பெரிசா ஒண்ணு வாங்கப் போறாங்களாம்."

அடுத்த வாரம் பள்ளி ஆயாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு பரமத்தி வேலூருக்குப் பஸ் ஏறினேன். அந்த அம்மாளுக்கு நாற்பது வயதிருக்கும். கணவர் இல்லை. ஆற்றோரம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்து, அக்கம்பக்கத்துக் கொடிக்கால் இலையையும் வாங்கிச் சேலத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். நான் போனபோது களத்தில் பெண்கள் வெற்றிலைக் கட்டுகளை ஈர வாழைச்சருகில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். லாரி ஒரு வேப்பமரத்தடியில் நின்றது. முன்பக்கம் சின்ன இங்கிலீஷ் கார் மாதிரி மூக்கு, பின்பக்கம் முழங்கால் உயரப் பலகை, மேலே தார்ப்பாய். வர்ணம் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

"ஏனுங்க டீச்சரம்மா, பள்ளிக்கூடத்துக்கு லாரி எதுக்குங்க?" என்றார்.

சொன்னேன். தடை ஓட்டம், வளையப்பந்து எல்லாவற்றையும் விளக்க வேண்டியிருந்தது. பெண் பிள்ளைகள் கட்டையைத் தாண்டி ஓடுவதற்காக அந்தக் கட்டைகள் ஊர் ஊராகப் போகின்றன என்றதும் சிரித்தார். பிறகு கேட்டார்: "புள்ளைங்கள ஏத்துவீங்களா?"

"இல்லைங்க. சாமான் மட்டும்தான். பிள்ளைங்க ரயில்லயோ பஸ்லயோ வருவாங்க."

"பின்னால ஒரு புள்ளையக்கூட ஏத்தப்படாது. அதுக்குச் சம்மதம்னா வண்டியப் பாருங்க. இல்லாட்டி மோர் குடிச்சுட்டுப் போங்க."

சம்மதித்தேன். அவருடைய தம்பிதான் லாரியை ஓட்டுகிறவர். கயிற்றைப் பிடிக்க வந்தபோது அவர் தாழ்ந்த குரலில், "அக்காளுக்கு ஒரு பொண்ணு இருந்துச்சுங்க. இந்த வண்டியில இல்லீங்க, மாட்டு வண்டியில. பாரத்து மேல உக்காந்துட்டு வந்துச்சு, விழுந்துருச்சு" என்றார். பிறகு கயிற்றின் முனையை இழுத்துக்கொண்டு போனார். பின்கதவை இறக்கிவிட்டால் கயிறு முழு நீளத்துக்கும் கிடந்தது.

வண்டியின் குறைகளை அந்த அம்மாளே சொன்னார். மேடு ஏறும்போது முனகும். இடப்பக்கக் கதவை உள்ளிருந்து திறக்க முடியாது. மழையில் தார்ப்பாய் ஒழுகும். "ஆனா வழியில நின்னதில்லீங்க. நாளைக்கு வெடியால சரக்கோட நானும் வாரேன். நீங்களே ஏறிப் பாருங்க."

அன்று அவர் வீட்டிலேயே தங்கினோம். விடிந்ததும் நானும் அந்த அம்மாளும் முன்னால் தம்பிக்குப் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். ஆயா பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். முந்தின நாள் மேற்கே நல்ல மழை. நாமக்கல்லைத் தாண்டிச் சிறிது தூரத்தில் தரைப்பாலத்துக்கு மேல் ஓடைத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. தம்பி இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டி நடந்து ஆழம் பார்த்துவிட்டு வந்து வண்டியை மெதுவாக இறக்கினார். நடுவில் எஞ்சின் இரண்டு தடவை இருமி நின்றுவிட்டது.

எனக்குச் சிரிப்பு வந்தது. "நின்னதே இல்லைன்னு சொன்னீங்களே?"

"இருங்க" என்றார் அந்த அம்மாள்.

தம்பி தண்ணீரில் நின்றபடியே எஞ்சின் மூடியைத் திறந்தார். கறுப்பாகக் கிண்ணம் போன்ற ஒன்றைக் கழற்றித் தலைத்துண்டால் உள்ளும் புறமும் துடைத்தார், கம்பிகளின் முனைகளையும் துடைத்தார், திரும்ப மாட்டினார். ஹேண்டிலைப் போட்டு இரண்டு சுற்று. வண்டி கிளம்பிவிட்டது. கரையேறியதும் அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினார்.

"நின்னுச்சு. போயிருச்சில்லீங்க?"

மார்க்கெட்டில் வெற்றிலையை இறக்கும்போது வெயில் ஏறியிருந்தது. நான் கேட்பதற்கு முன்பே தம்பி வண்டியை நிறுத்தி உடனே கிளப்பிக் காட்டினார். எனக்கு அதற்குள் முடிவாகிவிட்டது. ஓடையில் அது நிற்காமல் வந்திருந்தால் இன்னும் கொஞ்சம் யோசித்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

கமிட்டியில் ஜவுளி வியாபாரி முகத்தைச் சுளித்தார். பள்ளிக்கூடத்து வாசலில் வெற்றிலை லாரி நின்றால் ஊர் என்ன சொல்லும் என்றார். மதர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "ரிப்பேரானா யார் பார்ப்பாங்க?" ஓட்டுகிறவரே பார்ப்பார், புதுப் பெரிய வண்டி அவருக்குப் பிடிக்கவில்லையாம், இந்த வண்டியோடு வந்துவிடச் சம்மதிக்கிறார் என்றேன். அதோடு பேச்சு முடிந்தது.

அந்த வருடமும் அடுத்த வருடமும் சாமான்கள் போன இடமெல்லாம் எங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்து காத்திருந்தன. வலைகளில் வெற்றிலை வாடை ஏறிவிட்டது. பந்து வலையில் பட்டால் மணக்கிறது என்று பிள்ளைகள் சொல்வார்கள். அந்த அம்மாளின் தம்பியைப் பள்ளியில் எல்லோரும் டிரைவர் அண்ணன் என்றே கூப்பிட்டார்கள்.

மூன்றாவது வருடம் வாழப்பாடியில் போட்டி. சாயங்காலம் பரிசு கொடுக்கும்போது பிடித்த மழை விடவில்லை. எங்களை ஏற்றிக்கொண்டு போக வேண்டிய பஸ் வரவில்லை. ஆத்தூர்ப் பக்கம் எங்கோ மாட்டிக்கொண்டதாகச் சொன்னார்கள். கடைசி ரயிலும் போயிருந்தது. என்னோடு பதினாறு பெண்கள். அந்த ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியர், "இங்கயே தங்கிடுங்கம்மா, காலையில போகலாம்" என்றார். தங்கியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் இந்தப் பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பச் சம்மதம் வாங்க நான் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கியிருந்தேன். ஒரு ராத்திரி வெளியே தங்கினார்கள் என்று பேச்சு எழுந்தால் மறு வருடம் ஒருத்தியும் வர மாட்டாள். இருட்டுவதற்குள் கிளம்பினால் வீடு சேர்த்துவிடலாம்.

டிரைவரிடம் போய், சாமான்களை இங்கேயே இறக்கி வைத்துவிட்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொள்ளலாம் என்றேன்.

"மாட்டேனுங்க" என்றார். "அக்காகிட்டச் சொல்லியிருக்கீங்க."

"சொன்னது நான். பதில் சொல்றதும் நான்தான். நான் போய்ச் சொல்லிக்கறேன்."

"சொன்னாப் பத்துமுங்களா?"

ஆனாலும் அவரே போய்த் தடைக் கட்டைகளை இறக்கத் தொடங்கினார். பின்கதவை மூடிக் கயிற்றால் மூன்று சுற்றுக் கட்டினார். எல்லோரும் தரைப் பலகையில் உட்கார வேண்டும், பலகை விளிம்பில் ஒரு அம்மிணியும் கை வைக்கப்படாது என்றார். நான் பின்னால் பிள்ளைகளோடு ஏறிக் கதவோரம் உட்கார்ந்துகொண்டேன். தார்ப்பாய் ஒழுகியது. அவர் அவ்வளவு மெதுவாக ஓட்டி நான் பார்த்ததில்லை; ஒரு மாட்டு வண்டி எங்களோடு வெகுதூரம் கூடவே வந்தது. பிள்ளைகள் முதலில் பாடினார்கள். பிறகு ஒருத்திமேல் ஒருத்தி சாய்ந்து தூங்கிப்போனார்கள். பள்ளி வாசலில் ஒவ்வொருத்தியாக இறக்கினேன். மதர் லாந்தரோடு நின்றுகொண்டிருந்தார். பதினாறு பேரும் இறங்கினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வேலூருக்குப் போனேன். டிரைவர் தன் அக்காளிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. நடந்ததை நானே சொன்னேன். அந்த அம்மாள் கட்டிக்கொண்டிருந்த வெற்றிலைக் கட்டைக் கீழே வைக்கவில்லை. அதைக் கட்டி முடித்து, இன்னொன்றையும் கட்டினார்.

"எத்தன புள்ளைங்க?"

"பதினாறு."

"எறங்கறப்ப எண்ணுனீங்களா?"

"எண்ணினேன்."

"நீங்க எங்க உக்காந்திருந்தீங்க?"

"பின்னால. கதவோரம்."

அவர் தலையை ஆட்டினார். அது சரி என்றா, கேட்டுக்கொண்டேன் என்றா, எனக்குத் தெரியவில்லை. சாப்பிடச் சொன்னார். சாப்பிட்டேன். பஸ் நிற்கும் இடம் வரை கூடவே வந்தார். வழியில் ஆற்றில் தண்ணீர் வரத்தைப் பற்றிப் பேசினார். அதன் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும் என்று பஸ்ஸில் ஏறிய பிறகுதான் தோன்றியது.

யுத்தம் வந்து பெட்ரோலுக்குக் கூப்பன் என்று ஆனதும் பள்ளிக்கு மாதம் கிடைத்தது ஒரு போட்டிக்குக்கூடப் போதவில்லை. வெளியூர்ப் போட்டிகளும் நின்றுபோயின. லாரி கொஞ்ச நாள் பள்ளி மாமரத்தடியில் தார்ப்பாய் போட்டு நின்றது. பிறகு சுண்ணாம்புக் காளவாய்க்காரர் ஒருவர் வாங்கி, பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓட்டலாம் என்று பின்னால் கரி அடுப்பு மாட்டிக்கொண்டார். கரியில் ஓடியதா என்று நான் விசாரிக்கவில்லை. டிரைவர் பட்டாளத்தில் சேர்ந்து அஸ்ஸாம் பக்கம் போனார். அங்கிருந்து மதருக்கு ஒரு கார்டு போட்டிருந்தார். இங்கே வண்டிகள் எல்லாம் பெரிது, மழை நம் ஊர் மாதிரி இல்லை, பள்ளியில் எல்லோரும் சௌக்கியமா என்று எழுதியிருந்தார். மதர் அதைக் காலை ஜெபத்துக்குப் பிறகு பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினார்.