கிணற்றில் ஓடிய மோரிஸ் என்ஜின்

இது கட்டிவிட்ட கதை இல்லை. எனக்கு நடந்தது. நடுராத்திரியிலும் இல்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம், தகரக் கூரை கொதித்துக்கொண்டிருந்த உச்சி வெயிலில். வெயிலில் பேய் வருமா என்று சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். நானும் சிரித்தவள்தான்.

கோவில்பட்டியில் எட்டயபுரம் ரோட்டில் வாசிம் பாயின் ஒர்க்‌ஷாப். பழைய கார்களைப் புதுப்பித்துக் கொடுப்பார். நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்தவள். எங்கள் குடும்பத்தில் காலேஜுக்குள் நுழைந்த முதல் ஆள். மெக்கானிக் வேலை என்று சேர்த்துக்கொண்டு பில் போட உட்கார வைத்தார்கள். பொம்பளைப் பிள்ளை கிரீஸில் கை வைக்கக் கூடாதாம். ஆனால் என் ஸ்பேனரை மட்டும் ஆளாளுக்குக் கேட்காமல் எடுத்துப் போவார்கள். அதனாலேயே அதன் கைப்பிடியில் சிவப்பு டேப் சுற்றி வைத்திருந்தேன்.

அப்போதுதான் குளத்தூர்ப் பக்கத்துச் சிவனாண்டி அண்ணாச்சியின் மோரிஸ் கார் வந்தது. பெரிய நிலக்காரர். கார் ஒரு லாரியில், அதன் என்ஜின் தனியாக ஒரு டிராக்டரில். கரிசல் காட்டில் மழை பொய்த்தால் கிணற்றுத் தண்ணீர் பாதாளத்துக்குப் போய்விடும். மேலே இருக்கும் பம்பு இழுக்காது. கிணற்றுக்குள் பாதி ஆழத்தில் திட்டு வெட்டி, பம்பையும் என்ஜினையும் அங்கே இறக்குவார்கள். பல வருஷத்துக்கு முன்பு ஒரு பஞ்சத்தில் இவர்கள் கார் என்ஜினையே கழற்றி இறக்கியிருக்கிறார்கள்.

"டீசல் என்ஜின் போட்டுருவோம் அண்ணாச்சி. இது தேறாது," என்றார் வாசிம் பாய்.

"பழைய கார் போட்டிக்குப் போகுதுவே. ஒரிஜினல் இருந்தாத்தான் மதிப்பு."

நான் எழுந்து போய் என்ஜின் நம்பரைத் துடைத்துப் பார்த்தேன். "கார்ல அடிச்ச நம்பரோட பொருந்துது. நான் ஓட வைக்கேன்."

அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இவ யாரு?"

"பில் போடுத பிள்ள," என்றான் ஒரு மெக்கானிக். எல்லாரும் சிரித்தார்கள். பாயும் சிரித்தார். "சரி இசக்கி, ஓட வையி. ஓடிச்சுன்னா நீ மெக்கானிக்கு. இல்லன்னா வாய மூடிக்கிட்டு பில்லப் போடணும்."

ஓட வைத்தேன். பிஸ்டன் புதுசு, பேரிங் புதுசு. ஆனால் உள்ளே ஒரு தட்டல். டக்... டக்... டக். நிற்கும். மறுபடி டக்... டக்... டக். என்ஜின் கோளாறு என்றால் வேகம் கூடும்போது தட்டலும் கூடும். இது கூடவில்லை. குறையவும் இல்லை. ரேடியேட்டரை எத்தனை தடவை கழுவினாலும் கரிசல் சேறு வந்தது. புகையில் ஈர மண் வாசம். மழை பெய்து எட்டு மாசம் ஆகியிருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குக் கிளம்பும்போது பாய் சொன்னார். "தொழுதுட்டு வாரேன். அதுக்குள்ள தட்டு நிக்கலன்னா டீசல்தான்." மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள். ஷெட்டில் நான் மட்டும். என்ஜின் ஸ்டாண்டின் மேல் இருந்தது. பேட்டரி இல்லை. பெட்ரோல் டியூபும் மாட்டவில்லை.

மணி ஒன்று பத்து.

டக்... டக்... டக்.

ஓடாத என்ஜின் தட்டுகிறது.

என் அம்மா கிணறு தூர் வாரப் போனவள். கீழே இருந்து கத்தினால் மேலே கேட்காது. கல்லால் இரும்பைத் தட்டுவார்களாம். மூன்று தட்டு என்றால், தூக்கு. மேலே இருப்பவர் மூன்று திருப்பித் தட்டினால், தூக்குகிறேன்.

ஏன் செய்தேனோ தெரியாது. என் ஸ்பேனரால் என்ஜினை மூன்று தட்டுத் தட்டினேன்.

சத்தம் நின்றது.

ஸ்பேனரை என்ஜின் மேல் வைத்தேன்.

பின்னால்... கிணிங்.

என்ஜின் தூக்கும் செயின். காலிக் கொக்கிதான் தொங்கியது. அதில் எதுவும் மாட்டவில்லை.

ஆனால் செயின் விறைத்து நின்றது.

கீழேயிருந்து யாரோ பிடித்துத் தொங்குவது மாதிரி.

இழுத்தேன். கனம். இரும்புக் கனம் இல்லை... ஆள் கனம். ஊசலாடும் கனம். ஒவ்வொரு இழுப்புக்கும் மூச்சுச் சத்தம். என் மூச்சு இல்லை.

இன்னும் கொஞ்சம்...

இன்னும்...

பொசுக்கென்று கனம் போய்விட்டது.

கொக்கி காலியாக ஆடியது. என் இரண்டு கையிலும் ஈரக் கரிசல்.

என்ஜின் மேல் ஸ்பேனர் இல்லை.

பாய் வந்து கையைப் பார்த்தார். "என்ன பிள்ள, எங்கன போய்ச் சேத்த அளைஞ்ச?" "இந்த என்ஜின நான் மாட்ட மாட்டேன்," என்றேன். "ஒரு தட்டுக்கே பயந்துட்டா," என்று சிரித்தார்கள். அண்ணாச்சிக்குப் போன் போட்டார் பாய். தட்டினால் தட்டட்டும், ஒரிஜினல்தான் வேண்டும் என்றாராம். மற்ற மெக்கானிக்குகள் மாட்டினார்கள். எனக்கு மறுபடி பில் நாற்காலி. ஷெட் முழுக்க ஸ்பேனரைத் தேடினேன். கிடைக்கவில்லை.

காரை எடுக்க அண்ணாச்சி வந்தார். வெளியே என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. டக்... டக்... டக்.

"இந்தத் தட்டு எப்பம் இருந்து அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"அது கிணத்துல கெடந்தப்பவே உண்டுட்டி. சங்கரம்மான்னு ஒருத்தி தூர் அள்ள இறங்கியிருந்தா. நிறுத்தினா ஊத்துத் தண்ணி ஏறிரும்னு என்ஜின ஓடவிட்டுத்தான் அள்ளச் சொன்னோம். மேல நின்னது நான்தான். டக் டக்னு சத்தம். என்ஜின் தட்டுது, நாளைக்கு மெக்கானிக்கக் கூட்டியாரணும்னு நெனச்சுக்கிட்டுச் சாப்பிடப் போயிட்டேன். வந்து பாத்தா, புகை அடைச்சுச் செத்துக் கெடக்கா."

ஏதோ ஆடு செத்ததைச் சொல்வது மாதிரிதான் சொன்னார். மெக்கானிக் ஞாபகம் வந்திருக்கிறது. கீழே ஒருத்தி இருக்கிற ஞாபகம் வரவில்லை.

"அடியில கெடந்தாளா?"

"அதான் இல்ல. திட்டுல, என்ஜின் பக்கத்துல கெடந்தா. கயிறு மேலதான் சுருட்டிக் கெடந்துச்சு. எப்படி அம்புட்டுத் தூரம் ஏறுனாளோ..." பில்லை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "அதவிட இன்னொண்ணு. செத்தும் கையில ஒரு ஸ்பேனர இறுக்கிப் பிடிச்சிருந்தா. எங்க வீட்டு ஸ்பேனர் இல்ல. கைப்பிடியில செவப்பு டேப்பு சுத்தியிருந்துச்சு."