பெட்டியோடவா, பெட்டி இல்லாமலா

வேப்பனப்பள்ளிக்காரனான எனக்கு எடையைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மாங்காய் மண்டியில் பிறந்து வளர்ந்தவன் நான். அங்கே வியாபாரி வாயைத் திறந்தால் முதல் கேள்வியே "பெட்டியோடவா, பெட்டி இல்லாமலா?" என்பதுதான். அந்தக் கேள்வியை நான் கேட்காமல் விட்டது ஒரே ஒரு நாள். பாவி எனக்கு அந்த நாளா வாய்க்க வேண்டும்!

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். ஓசூரில் ஜெனரேட்டர் செய்யும் ஒரு கம்பெனியில், சாமான்களை வெளியூருக்கு அனுப்பும் பிரிவில் குமாஸ்தாவாக இருந்தேன். எங்கள் பிரிவில் ஒரு பழக்கம். 'வெயிட்' என்றால் உள்ளே இருக்கும் சாமானின் எடை மட்டும், அதாவது நெட் வெயிட். மரப்பெட்டியை யாரும் சேர்ப்பதில்லை. கேட்டில் செக்யூரிட்டி பார்ப்பது சாமானைத்தான். பெட்டியோடு சேர்த்த எடையை லாரிக்காரன் எடைமேடையில் பார்த்துக்கொள்வான். பல வருடம் இப்படியே ஓடியது, ஒரு வம்பும் வரவில்லை.

சர்வீஸ் பிரிவில் ஒரு திருநெல்வேலிக்காரன் இருந்தான். எங்கள் ஜெனரேட்டர் எந்த ஊரில் மக்கர் பண்ணினாலும் அவன்தான் போவான். என்னைவிட ஆறு வயது இளையவன். எல்லோரையும் சார் போட்டுக் கூப்பிடுகிற கம்பெனியில் என்னை மட்டும் அண்ணாச்சி என்பான். எங்கள் ஊர் மாநில எல்லையில் இருப்பதால் நான் கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றையும் ஒரே மூச்சில் கலந்து பேசுவேன். "அண்ணாச்சி, இப்ப பேசினதுல எது தமிழு?" என்று கிண்டல் செய்வான். நான் விடுவேனா? "நீ பேசறது மட்டும் என்னவாம்? ரப்பர் மாதிரி இழுத்துட்டு" என்பேன்.

இமயமலைப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் எங்கள் ஜெனரேட்டரில் மின்சாரம் உண்டாக்கும் பாகம் எரிந்துவிட்டது. புதியதை மாட்டிவிட்டு, எரிந்ததை அதே பெட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டும் என்பது உத்தரவு. ஏன் எரிந்தது என்று இங்கே பிரித்துப் பார்க்க வேண்டுமே. போகும்போது இரண்டு நாள் ஜீப்பில் போனான். வேலை முடிந்த அன்று பெருமழை. மலை சரிந்து ரோடு மூடிக்கொண்டது. அந்த ஊரில் குட்டி விமானம் ஒன்று வந்துபோகும். அதில் வந்துவிடு என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை, முதல் ஷிப்ட் சங்கு ஊதிச் சற்று நேரத்தில் விமானத் தளத்துக்குப் பக்கத்து டெலிபோன் பூத்திலிருந்து என்னைக் கூப்பிட்டான். லைன் கரகரத்தது.

"அண்ணாச்சி, பெட்டி மேல எழுதினதெல்லாம் மழையில அழிஞ்சிட்டு. இங்க தராசு ரிப்பேராம். வெயிட்ட வாயால சொல்லச் சொல்லுதாவ. எவ்வளவு?"

ஃபைலைப் புரட்டினேன். "நாப்பத்திரண்டு."

"நாப்பத்திரண்டுதானா? ரெண்டு பேரு சேந்துல்லா தூக்கினோம்."

"மலைக்காத்துல உனக்கு மூச்சு வாங்குது, அதான் கனக்குது. நாப்பத்திரண்டுன்னா நாப்பத்திரண்டுதான்ப்பா. எழுதிக் குடுத்துட்டு வந்து சேரு."

"சரி அண்ணாச்சி, வாரேன்" என்று சிரித்துக்கொண்டே வைத்தான்.

அந்த விமானம் மேலே ஏறவில்லை. ஓடுபாதை முடிகிற இடத்தில் பெரிய பள்ளத்தாக்கு. கடைசிவரை ஓடி, கொஞ்சம் எழும்பி, அப்படியே எதிர்ச் சரிவில் மோதிவிட்டது. ஒருவரும் பிழைக்கவில்லை. சாயங்காலம் கேன்டீன் டிவியில் பார்த்தோம். ஐயோ என்று நான் கத்தியது நினைவிருக்கிறது. என்னை யார் வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள் என்பது நினைவில்லை.

பிறகு, கிடைத்த பேப்பரையெல்லாம் படித்தேன். உயரம் கூடக் கூடக் காற்று மெலிந்துவிடுமாம். இறக்கைக்குப் பிடிமானம் குறையும், எஞ்சினுக்கும் வலு குறையும். சமவெளியில் தூக்குகிற பாரத்தை அங்கே தூக்காது. மலை ஊர்களில் ஓடுபாதையும் குட்டை. வேகம் போதவில்லை என்று பாதியில் தெரிந்தாலும் நிறுத்த இடம் இருக்காது. அதனால் ஒவ்வொரு கிலோவையும் கூட்டிப் பார்த்துத்தான் ஏற்றுவார்களாம். அன்று அவர்கள் கூட்டியதில் என் நாற்பத்திரண்டும் இருந்தது.

ஒரு வாரம் கழித்து, யாரிடமும் சொல்லாமல், அதே அளவுக் காலிப் பெட்டி ஒன்றை எங்கள் தராசில் வைத்தேன். ஈரம் காயாத மாமரப் பலகை. முள் இருபத்தொன்றில் நின்றது.

மேனேஜரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"நம்ம பேப்பர்ல என்னப்பா தப்பு? நெட் வெயிட்டுன்னு எழுதியிருக்கோம். அது நெட் வெயிட்டுதானே?"

"அவன் போன்ல கேட்டது அது இல்ல சார்."

"அவன் என்ன கேட்டான்னு யாருக்குத் தெரியும்? வாய வெச்சிக்கிட்டு சும்மா இரு."

யாருக்குத் தெரியுமாம்! எனக்குத் தெரியுமே. விசாரணைக்குக் கம்பெனியிலிருந்து போன பதிலிலும் நெட் வெயிட்தான் இருந்தது. நானும் வாயை மூடிக்கொண்டேன். அந்தக் கோழைத்தனத்துக்கு இன்றுவரை நான் சமாதானம் தேடவில்லை.

விசாரணை செய்தவர்கள் ஒரே காரணமாக எதையும் சொல்லவில்லை. பின்னாலிருந்து வீசிய காற்று, ஈரமான ஓடுபாதை, காகிதத்தில் இருந்ததைவிடக் கூடுதலான பாரம், எல்லாம் சேர்ந்துதான் என்றார்கள். அந்த இருபத்தொரு கிலோ இல்லாதிருந்தால் ஏறியிருக்குமா? யாராலும் சொல்ல முடியாது. அப்போதும் ஏறியிருக்காது என்று ஒருவராவது அடித்துச் சொல்லமாட்டார்களா என்று ஏங்கினேன்.

அவன் மனைவி சொந்த ஊருக்குத் திரும்பவில்லை. ஓசூரிலேயே ஒரு தையல் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, நாலு வயது மகளோடு இருந்தாள். ஒரு வருடம் ஆகப்போகிற சமயம், ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் வீட்டுக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும், செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றுதான் போனேன்.

காபி கொடுத்தாள். மகளைப் பக்கத்து வீட்டுக்கு விளையாட அனுப்பச் சொன்னேன். பிறகு, அன்று அவனிடமிருந்து போன் வந்தது, எடையில் அவன் சந்தேகப்பட்டது, நான் கேலி பேசியது, காலிப் பெட்டியை நிறுத்துப் பார்த்தது என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். அவள் அழவில்லை.

"அவிய சந்தேகப்பட்டாவளா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆமாம்மா."

காபி டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"இத ஏன் அண்ணாச்சி எங்கிட்ட சொன்னிய? மழை, காத்து, விதி முடிஞ்சிட்டுன்னு நெனச்சு ஒரு வருசமா மனச தேத்தி வச்சிருந்தேன். இப்ப அதுவும் போச்சு. உங்கள திட்டவும் எனக்கு வாய் வரல. அவிய உங்கள அம்புட்டு பிரியமா பேசுவாவ. இத வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?"

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன், அதையும் கேட்கவில்லை. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன். ஒரு வருடமாகச் சோறு இறங்காமல் கிடந்தவனுக்கு அன்று மத்தியானம் நன்றாகப் பசித்தது. ஓட்டலில் உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட்டேன். அதை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.