கொய்யா மரத்துக்குக் கிடைத்த சிக்னல்

செய்தியில் அந்தத் தேயிலைத் தோட்டத்தின் பெயரைக் கேட்டதும் றக்வானைக்கு பஸ் ஏறினேன். மண்சரிவுக்கு மறுநாள் அது. கொய்யா மரத்தில் போன்கள் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தன, ஒவ்வொன்றும் வாய் கட்டிய ஷொப்பிங் பையில். கீழே தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் பாதியைக் காணவில்லை. அந்த மரத்தை எனக்குத் தெரியும்.

ஓய்வு பெறுவதற்குச் சற்று முன் அங்கே சர்வேக்குப் போனவன் நான். சிக்னல் இல்லாத ஊர்களில் கம்பெனிகள் டவர் போட அரசாங்கம் மானியம் கொடுத்தது. எங்கே சிக்னல் இல்லை என்று அளந்து சொல்வது என் வேலை.

ஜீப் பாதை முடியும் மேட்டில் அந்த மரம். கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் பெண்கள் காலையில் போனை அதில் மாட்டிவிட்டுப் போவார்கள். சாயங்காலம் கொழுந்து நிறுவை முடிந்து வந்து, யார் கூப்பிட்டார்கள் என்று பார்ப்பார்கள்.

"பாத்தீங்களா ஐயா, எங்க தோட்டத்துல போன் மரத்துல காய்க்குது" என்றாள் அவர்களில் ஒருத்தி, புஷ்பம். கூட நின்றவர்கள் சிரித்தார்கள்.

"பழுத்தா சொல்லும்மா, நானும் ஒண்ணு பறிச்சுக்கிறேன்" என்றேன்.

மரத்தடியில் மீட்டரைப் பிடித்தேன். நல்ல சிக்னல்.

"இங்க இருக்குங்க. கீழ லயத்துல ஒரு கோடுகூட இல்ல. வந்து பாருங்க. எங்க வீட்டுக்காரரு கால் ஒடஞ்சதுலேர்ந்து நடக்க முடியாம படுத்த படுக்கையா இருக்காரு. அவசரம்னா இந்தப் படி பூரா நான்தான் ஏறி வரணும்" என்றாள் புஷ்பம்.

படிகள் செங்குத்து. அட்டைக்கடி வேறு. டிரைவர் ஹோர்ன் அடித்தார். "யமு சேர், போவோம். மழை வருது, பாதை வழுக்கும்."

"இன்னொரு நாள் வர்றேன்மா" என்றேன். போகவில்லை. மரத்தடி அளவையே தோட்டத்தின் அளவாகக் கொடுத்தேன்.

கொழும்பில் மேலதிகாரி கேட்டார்: "இங்க சிக்னல் இருக்கே, அப்புறம் மானியம் எதுக்கு?"

அளந்தது மரத்தடியில் மட்டும் என்பதை மறைத்தேன். டவர் வேறு ஊருக்குப் போனது.

மண்சரிவு நாளில் மழை பலத்ததும் மலைவேலையை நிறுத்தி எல்லாரையும் லயத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். கொட்டும் மழையில் பை அவிழ்த்தால் போன் நனையும் என்று யாரும் மரத்தடியில் நிற்கவில்லை. முற்பகலில் வெளியேறச் சொல்லி போன்களுக்கு எச்சரிக்கை மெசேஜ் வந்தது. அத்தனை போன்களும் மரத்திலேயே ஒலித்து ஓய்ந்திருக்கின்றன. பிற்பகலில் மலை சரிந்தது. நடக்க முடிந்தவர்கள் ஓடித் தப்பினார்கள். புஷ்பத்தின் கணவரால் ஓட முடியவில்லை.

மரத்தடியில் நின்ற அவள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். தன் பையை அவிழ்த்து, போனை என்னிடம் நீட்டினாள்.

"மெசேஜ் வந்திருக்குங்க ஐயா. மரத்துக்கு."

மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்த ஆட்களிடம் போக அந்தப் படிகளில் அன்றுதான் முதன்முதலாக இறங்கினேன். கீழே நின்று என் போனை எடுத்துப் பார்த்தேன். ஒரு கோடும் இல்லை.

இந்த வேலைக்கு இப்போது வருகிறவர்களே, மீட்டரை ஆட்கள் படுக்கும் அறைவரை கொண்டுபோங்கள். பாதை முடிகிற இடத்தில் உங்கள் வேலை முடிவதில்லை. அன்று எனக்கு இறங்க மீதமிருந்தது அந்தப் படிகள் மட்டும்தான்.