சாமி பேருக்கு ஓர் அர்ச்சனை

என்னைப் பெற்ற அய்யாவுக்கு ஐம்பதைத் தாண்டியதும் ஞாபகம் போய்விட்டது. தொண்ணூறுகளின் பின்பாதியில் அண்ணனுக்கும் அதே வயதில் அதே மாதிரி ஆரம்பித்தது. எனக்கு அப்போது நாற்பத்தெட்டு. பேட்டையில் லேத்துப் பட்டறையில் வேலை. கழற்றி வைத்த ஸ்பானரைக் கொஞ்சம் தேடினாலும், எனக்கும் ஆரம்பித்துவிட்டதோ என்று பயம் வரும். சைக்கிள் மிதிக்கும்போது மனப்பாடமான தேவாரப் பதிகத்தை முதலிலிருந்து கடைசிவரை சொல்லிப் பார்ப்பேன். சாமிக்காகச் சொன்னேனா, என்னைச் சோதிக்கச் சொன்னேனா, எனக்கே தெரியாது.

மகள் பெங்களூரில் ஆராய்ச்சி படித்துக்கொண்டிருந்தாள். இந்த மறதி நோய்க்காகப் புழு வளர்க்கிறாளாம். ஒரு மில்லிமீட்டர் நீளம் என்றாள். லேத்துக்காரனுக்கு அந்த அளவு தெரியும். அதற்குள் ஓர் உயிர் இருப்பதுதான் பிடிபடவில்லை.

லீவில் வந்தவளை அண்ணன் உற்றுப் பார்த்தார். “ஏட்டி, நீ யாரு வீட்டுப் பிள்ள?”

“இவுக மவ, பெரியப்பா.”

“இவனுக்குக் கல்யாணம் ஆயிட்டா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே, களவாணிப்பய!” சிரித்துவிட்டோம். உடனே என்னிடம், “ஏலே, இங்கன என்ன செய்யுத? அய்யா தேடுவாவல்லா, ஓடு” என்றார். அய்யா இறந்து பல வருஷம்.

சாயங்காலம் கோயிலுக்கு நடக்கும்போது மகளிடம் கேட்டேன். “புழுவுக்கும் மறதி வருதா?”

“இல்லப்பா. இந்த நோய் வார சில குடும்பத்துல ஒரு மரபணு கெட்டிருக்கு. அதே மாதிரி ஒண்ணு புழுகிட்டயும் இருக்கு. அது கெட்டுப்போனா புழு ஒழுங்கா முட்டை போடாது. மனுஷனோட நல்ல மரபணுவை உள்ள வச்சா, திரும்பப் போடுது.”

நின்றுவிட்டேன். புழுவையும் நம்மையும் ஆண்டவன் ஒரே பட்டறையில்தான் செய்திருக்கிறான். பாகத்தை மாற்றிப் போட்டாலும் ஓடுகிறதே!

“அப்போ எனக்கு வருமா?”

“புழுவை வச்சு அதைச் சொல்ல முடியாதுப்பா. தாத்தாவுக்கு அதனாலதான் வந்ததுன்னா, உங்களுக்குப் பாதிக்குப் பாதி.”

“எனக்கு இருந்தா, உனக்கு?”

கோயில் வாசலில் அவள் குனிந்து செருப்பைக் கழற்றினாள். “அதுக்குத்தான் புழுவைப் பாக்குதேன்” என்றாள்.

அதுவரை எனக்காக மட்டுமே பயந்திருந்தேன்.

சன்னதியில் பட்டர் தட்டை வாங்கிக்கொண்டு, “பேரு, நட்சத்திரம் சொல்லுங்கோ” என்றார். மகள் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் நட்சத்திரம் வரவில்லை. வருஷாவருஷம் அவள் பிறந்தநாளுக்கு நானே சொல்லும் நட்சத்திரம்.

“சாமி பேருக்கே பண்ணிருங்க.”

பட்டர் பக்தி என்று நினைத்துத் தலையாட்டினார். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பட்டரிடம், “அப்பா பேருக்கும் ஒண்ணு பண்ணுங்க சாமி” என்று என் பெயரையும் நட்சத்திரத்தையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். தீபாராதனையின்போது நான் கண்ணை மூடவேயில்லை. மனசுக்குள் அந்த நட்சத்திரத்தைத் தேடிக்கொண்டே இருந்தேன். பதற்றத்தில் மறந்ததா, அதுதான் வந்துவிட்டதா?

மறுநாள் அவளை ஜங்ஷனில் ரயிலேற்றிவிட்டுச் சைக்கிளில் திரும்புகையில், மேம்பாலத்து ஏற்றத்தில் சட்டென்று வந்தது. “பூரட்டாதி!” கத்தியேவிட்டேன்.

எதிரே வந்த வண்டிக்காரர், “யாரைக் கூப்பிடுதீரு வே?” என்றார்.

நான் நிற்கவில்லை. பதில் சொல்வதற்குள் மறுபடி போய்விடுமோ என்று, பேட்டை வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு மிதித்தேன்.