ஜன்னல் காபியும் எனெய்டாவின் சித்தியும்

கியூபாவிலிருந்து வந்தவர்கள் குடியிருக்கும் மயாமியின் எட்டாம் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வருகிற எவரும் முதலில் வந்து நிற்கிற இடம் எனெய்டா புஹோலின் காபி ஜன்னல்தான். மேயர் பதவிக்கோ நாடாளுமன்றத்துக்கோ, எதற்கு நின்றாலும் சரி, எங்கள் கியூபாச் சட்டையை மடிப்புக்கூடக் கலையாமல் மாட்டிக்கொண்டு வருவார். காபியை ஒரு வாய் குடித்து, முகம் கோணாமல் சமாளித்து, "கியூபாவுக்கு விடுதலை!" என்று கையை உயர்த்துவார். ஜன்னலோரக் கிழவர்கள் கைதட்டுவார்கள். அத்தோடு கியூபா விவகாரம் அடுத்த தேர்தல்வரை தூங்கப் போய்விடும்.

கடையின் உள்சுவர் முழுக்க அந்தப் படங்கள்தான். காபி கொடுக்கிறவள் என்பதால் எல்லாவற்றிலும் எனெய்டா இருக்கிறாள். ஒன்றில் முழங்கை, இன்னொன்றில் பாதிக் காது. "வாஷிங்டன்ல என் காதைத் தெரியாதவன் கிடையாது" என்று அவளே சிரிப்பாள். ஐம்பத்தெட்டு வயது. புருஷனை எப்போதோ விவாகரத்து செய்து அனுப்பிவிட்டு நிம்மதியாக இருப்பவள். வேலை பிடிக்கும், ஊர்வம்பு அதைவிடப் பிடிக்கும். குறை என்று அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

அந்தக் குறை கடலுக்கு அந்தப் பக்கம், கியூபாவின் கைபரியேன் ஊரில் இருந்தது. அம்மா செத்தபோது எனெய்டா கைக்குழந்தை. அம்மாவின் தங்கை கச்சித்தாதான் கல்யாணம்கூடச் செய்துகொள்ளாமல் அவளை வளர்த்தாள். 2004 தேர்தல் வருடத்தில் வாஷிங்டன்காரர்கள், கியூபா விஷயத்தில் தாங்கள் எவ்வளவு கறார் என்று காட்ட ஒரு சட்டம் போட்டார்கள். கியூபாவுக்கு மூன்று வருடத்துக்கு ஒரு தடவைதான் போகலாம், அதுவும் குடும்பத்தாரைப் பார்க்க மட்டும். அம்மா அப்பா குடும்பம், அண்ணன் தங்கை குடும்பம். சித்தி குடும்பம் இல்லை. எந்த மடையன் உட்கார்ந்து எழுதினானோ!

"மெக்ஸிகோ வழியா சுத்திப் போயிட்டு வா. இல்லேன்னா அம்மான்னு சொல்லிடு, எவன் வந்து பார்க்கப்போறான்?" என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள்.

"என் சித்தி வீட்டுக்கு நான் ஏன்யா திருட்டுத்தனமா போகணும்? எங்கம்மா அதே ஊர்க் கல்லறைல படுத்திருக்கா. அவளை வச்சுப் பொய் சொல்ல மாட்டேன்" என்பாள் எனெய்டா.

அப்படி வீம்பாக இருந்ததில் நாலு வருடம் போயிற்று. சித்திக்கு எண்பத்தாறு வயதாகிவிட்டது. போனில் பேசும்போதெல்லாம், "நான் கண்ணை மூடறதுக்குள்ள வருவியாடி?" என்று கேட்டாள். அதைக் கேட்ட நாளில் மட்டும் எனெய்டா ஜன்னலில் வம்பு பேசமாட்டாள்.

ஜன்னலோரக் கிழவர்களுக்குத் தலைவர் ரிகோபெர்த்தோ, ஓய்வுபெற்ற லாரி டிரைவர். இளவயதில் படகேறி வந்தவர், திரும்பிப் பார்த்ததில்லை. "அங்க போய் செலவழிக்கிற ஒவ்வொரு காசும் அந்தக் கம்யூனிஸ்ட் அரசாங்கத்துக்குத்தான் போகும் எனெய்டா" என்பார். அவர் தலையசைத்தால்தான் தெரு ஓட்டுப் போடும் என்று தேர்தல் ஆட்கள் நம்பினார்கள். அதனால் கியூபா பயணக் கட்டுப்பாட்டைத் தளர்த்த வேண்டும் என்று சொல்ல எவருக்கும் வாய் வரவில்லை.

2008 அக்டோபரில் டக்ளஸ் ஃபெர்ன்வுட் வந்தார். நாடாளுமன்றத்துக்கு நிற்கிறவர், வடக்கத்தி மனுஷர், வாய் நிறைய வெள்ளைப் பல். விடுதலையைத் தவிர வேறு எதுவும் பேசக் கூடாது என்று கூட வந்த பிரசார ஆள் சொல்லிக் கூட்டிவந்திருந்தார். ஃபெர்ன்வுட் ஒரு கொலாதா கேட்டார். கொலாதா என்பது பெரிய கோப்பை நிறையக் கடுங்காபி, கூடவே விரல் நுனி அளவுக்குச் சின்னச் சின்னக் கிண்ணங்கள். வாங்கியவர் சுற்றி நிற்பவர்களுக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் தான் குடிக்க வேண்டும்.

மனுஷர் கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டு, முழுக் கோப்பையையும் ஒரே மூச்சில் தானே குடித்து முடித்தார்.

பந்தியில் பாயசப் பாத்திரத்தையே தூக்கி வாயில் கவிழ்த்துக்கொண்டது மாதிரி ஆகிவிட்டது. "நமக்குக் காபியே தர மாட்டேங்கிறான், விடுதலையா வாங்கித் தரப்போறான்?" என்றார் ரிகோபெர்த்தோ. தெருவே சிரித்தது. பிரசார ஆளின் முகத்தில் ஈயாடவில்லை.

எனெய்டாவுக்கு ஃபெர்ன்வுட்டைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "ஏன்யா சிரிக்கிறீங்க? அவர் ருசி பார்த்தாருய்யா! உங்களுக்கு இப்பதான் வருது" என்று கத்திவிட்டு, இன்னொரு கொலாதா போட்டு நீட்டினாள். ஃபெர்ன்வுட் வாங்கப் போனார். அவள் கோப்பையை விடவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேட்கணும் ராசா. என்னை வளர்த்தது என் சித்தி. சித்தி குடும்பமா இல்லியா?"

கேமராக்கள் எனெய்டா பக்கம் திரும்பின. பிரசார ஆள் பின்னாலிருந்து ஃபெர்ன்வுட்டின் சட்டையை இழுத்தார். குடித்த காபி அவ்வளவும் ஃபெர்ன்வுட்டுக்குத் தலைக்கேறியிருந்தது. யோசித்துப் பேசும் நிலையில் அவர் இல்லை.

"சித்தி குடும்பந்தான். இதுல என்ன சந்தேகம்?" என்றார்.

எனெய்டா கோப்பையை விட்டாள். அவர் ஊற்றினார். முதல் கிண்ணத்தை ரிகோபெர்த்தோவிடம் நீட்டினார். கிழவர் அதை முறைத்தார், எனெய்டாவை முறைத்தார். கடைசியில் கை நீட்டி வாங்கிக்கொண்டார்.

"காபியை வேணாம்னு சொல்ல நான் என்ன கம்யூனிஸ்ட்டா?"

ஃபெர்ன்வுட் தோற்றுப்போனார். அது இங்கே யாருக்கும் ஆச்சரியமில்லை. ஆனால் அன்றைய படம் சுவருக்கு வந்தது. அதில் அவர் முதுகுதான் தெரிகிறது, எனெய்டாவின் முகம் முழுசாக இருக்கிறது. அடுத்த வருடம் வாஷிங்டனில் ஆட்சி மாறியது. எந்தக் காபிக்குப் பயந்தோ, யார் போய் யார் காதைக் கடித்தோ, அந்தச் சட்டமும் போனது. சித்தி மறுபடி குடும்பமானாள்.

எனெய்டா கியூபாவுக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் ரிகோபெர்த்தோ ஜன்னலுக்கு வந்து, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு ஒரு மூக்குக்கண்ணாடிக் கூட்டை நீட்டினார்.

"கைபரியேனுக்குப் பக்கத்து ஊருதான். என் தங்கச்சிக்கு. கண்ணு தெரியலயாம்."

"யோவ், இது அரசாங்கத்துக்குப் போயிடாதா?"

"போடி இவளே" என்றார். ஆனால் நகராமல் நின்றார். "அவகிட்ட... நான் நல்லாயிருக்கேன்னு சொல்லு." அன்றைக்கு எனெய்டா அவரிடம் காபிக்குக் காசு வாங்கவில்லை.

கைபரியேனில் சித்தி வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். பாதியாக இளைத்துப்போயிருந்தாள், வாய் மட்டும் அப்படியே இருந்தது. கட்டிப்பிடித்து அழுது முடித்ததும் முதல் கேள்வி கேட்டாள்.

"அமெரிக்காக்காரன் விமானத்துல ஏத்தறப்ப நான் உனக்கு யாருன்னு கேட்டானா?"

"கேட்டான் சித்தி."

"இப்பதான் சித்தின்னே சொல்லலாமாமே. சொன்னியா?"

எனெய்டா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்படித்தான் சொல்லணும்னு நினைச்சுக்கிட்டே போனேன். அவன் கேட்டதும் வாயில அம்மான்னுதான் வந்துது."