ராணியக்காவை அன்று யாரும் கூப்பிடவில்லை

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ரெலிபோன் அடித்தது. ராணியக்காவின் புருஷன் துரையண்ணர். “புவனம், ராணி தியானத்தால எழும்புறாளில்லை” என்றார். நான் வழமைபோல வாயை விட்டேன். “விடுங்கோ அண்ணை, இண்டைக்குத்தான் மனிசிக்கு முத்தி கிடைச்சிருக்கு. தேத்தண்ணியை நீங்களே போடுங்கோ.” “கையெல்லாம் குளிர்ந்துபோச்சு, புவனம்” என்றார் அவர். பகிடி விட்ட வாயை உடனே அழுகைக்குத் திருப்புவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கப்பல் குசினியில் வேலை செய்த என்னவர் மெல்பேர்னில் இறங்கியதால் நானும் வந்து சேர்ந்தேன். ராணியக்கா பட்டதாரி, ஊரில் ரீச்சர். ஃபுட்ஸ்கிறேயில் இரண்டு பேரும் ஒரே பிஸ்கற் தொழிற்சாலையில், பிஸ்கற் ஓடிவரும் ஒரே பெல்ற்றுக்கு முன்னால் நின்றோம். உடைந்த பிஸ்கற்றைப் பொறுக்கி எறிவது வேலை. “இதுக்குப் பட்டம் வேணுமோ அக்கா?” என்று கேட்பேன். “உனக்கு வாய் வேணுமோ?” என்பார். அப்படித்தான் நாங்கள் சிநேகிதமானோம்.

பகலில் பிஸ்கற், பின்னேரம் சமையல், அதற்குப் பிறகு பிள்ளைகளின் பாடம், சனிக்கிழமை தமிழ்ச் சங்கத்துக்கு வடை. சங்கத்துக்காரரே, அந்த வடையை யார் சுட்டது என்று உங்களுக்குத் தெரியும், தின்றவர்கள் நீங்கள்தானே. “தலைக்குள்ளயும் ஒரு பெல்ற் ஓடுது புவனம். ஸ்விச் எங்கையெண்டுதான் தெரியேல்லை” என்று ஒருநாள் சொன்னார். டொக்டர் பிரஷரைப் பார்த்துப் பயந்துபோய், தினமும் கொஞ்ச நேரம் கண்ணை மூடிச் சும்மா இருக்கச் சொன்னாராம். “தியானம் உங்கள் நாட்டுச் சாமான்தானே, உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டுமா?” என்று சிரித்தாராம். அக்கா வெட்கத்தில் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். தேவாரம் முழுக்க மனப்பாடம். சும்மா இருக்கத்தான் அவருக்கு ஒருவரும் படிப்பிக்கவில்லை.

ஆகவே ஒரு சேர்ச் மண்டபத்துக்குப் போனோம். நீள முடியும் உருத்திராட்சமுமாக ஒரு வெள்ளைக்காரப் பெடியன் தியானம் சொல்லிக் கொடுத்தான். சேலையைக் கண்டதும் கைகூப்பி, அக்காவை முன்னால் இருத்தி, எல்லோரும் இவரைப் பார்த்து இவர் செய்வதுபோலவே செய்யுங்கள் என்றான். நாள் முழுக்க நின்ற கால். சம்மணமிட்ட கொஞ்ச நேரத்திலேயே நரம்பு பிடித்துவிட்டது. அக்கா ஒரு கையை ஊன்றி, பக்கத்தில் சரிந்து, “ஐயோ அம்மா” என்று முனகினார். மண்டபத்தில் இருந்த வெள்ளைக்காரிகள் அத்தனை பேரும் ஒரு கையை ஊன்றிச் சரிந்து “ஐயோ அம்மா” என்றார்கள். நான் வெளியே ஓடிப்போய்ச் சிரித்தேன். அக்கா என்னோடு அந்தக் கிழமை முழுக்கப் பேசவில்லை. ஆனால் மூச்சைக் கவனிக்கும் விதத்தை மட்டும் பிடித்துக்கொண்டார்.

பிறகு வீட்டில் இடம் தேடினார். அறைக்குள் இருந்தால், “ராணி, என்ரை பனியன் எங்கை?” குசினியில் இருந்தால், “ராணி, சும்மாதானே இருக்கிறாய், ஒரு தேத்தண்ணி.” துரையண்ணர் கெட்ட மனிதரல்ல. கெட்டவராக இருந்திருந்தால் அக்கா எப்போதோ தப்பியிருப்பார். கடைசியில் பின்பக்கத்து உடுப்புத் தோய்க்கும் அறையில், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டார். மெஷின் ஓடும் வரை தியானம், நின்றதும் எழும்பி உடுப்புக் காயப்போடுவது. வேலைக்கு வேலையும் ஆயிற்று. நித்திரை வந்தால் தெரியவேண்டும் என்று கையில் உடுப்புக் கொடியில் மாட்டும் ஒரு மரக் கிளிப்பை வைத்திருப்பார். விழுந்தால் சீமெந்துத் தரையில் சத்தம் கேட்கும், விழிப்பு வந்துவிடும்.

அங்கேயும் நாங்கள் அவரை விடவில்லை. துரையண்ணர் கதவைத் தட்டுவார். நான் போனால் யன்னலால் எட்டி, “சாமி, வரம் தருவீங்களோ?” என்பேன். ஒருநாள் ஈரத் தலையணை உறை என் முகத்தில் வந்து விழுந்தது. “நான் செத்தாலும் இந்த வீட்டில ஆக்கள் தேத்தண்ணிக்குத்தான் தேடுவினம்” என்றார் அக்கா. அன்றைக்கே புருஷனைக் கூப்பிட்டு, முதல்முறையாகக் குரலை உயர்த்தினார். “மெஷின் நிண்டாலும் கூப்பிடாதேங்கோ. நானா வருவன்.” துரையண்ணர் பயந்துபோனார். பயந்தவர் அதன்படி நடந்தார்.

அந்த ஞாயிறும் மெஷின் ஓடி நின்றது. அக்கா வரவில்லை. பிள்ளைகள் நீச்சலுக்குப் போயிருந்தார்கள். துரையண்ணர், மனிசி பாவம், இருக்கட்டும் என்று, வாழ்க்கையில் முதல்முறையாகத் தானே தேநீர் போட்டார். அக்காவுக்கும் ஒரு கோப்பை போட்டு மூடி வைத்தார். பொங்கல் விழாவுக்கு வடை சொல்லச் சங்கத்துக்காரர் வந்தார்கள். “உஷ், மெல்லக் கதையுங்கோ, ராணி தியானத்தில” என்று இருத்தினார். உங்களிற் சிலர் அன்று அங்கேதான் இருந்தீர்கள். மரியாதையாகக் குரலைத் தாழ்த்தி, எத்தனை பேருக்கு வடை என்று தீர்மானித்துவிட்டுப் போனீர்கள். சுவருக்கு அந்தப் பக்கத்தில் கிளிப் கீழே விழுந்து கிடந்தது.

செத்தவீட்டில் ஒரு பெரியவர், “யோகியைப்போலப் போயிட்டா, கொடுத்துவைச்ச சாவு” என்றார். தலைக்குள் இரத்தக் குழாய் வெடித்தவருக்கு யார் எதைக் கொடுத்து வைத்தார்களோ தெரியாது. உடனே கண்டிருந்தால் ஒருவேளை காப்பாற்றியிருக்கலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். எல்லோரும் போனபின் துரையண்ணர் என்னிடம், “அவ சொன்னபடிதானே செய்தனான், புவனம். கூப்பிட்டிருக்க வேணுமோ?” என்று கேட்டார். ஆறுதலாக ஒரு பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு வரவில்லை.

“ஒருக்காத் தேத்தண்ணி கேட்டிருக்கலாம் அண்ணை” என்றேன்.

மெஷினுக்குள் கிடந்த உடுப்பை நான்தான் காயப்போட்டேன். எல்லாம் பனியன், சட்டை, பிள்ளைகளின் உடுப்பு. அக்காவுடையது ஒரு தொழிற்சாலை மேலங்கி மட்டும். கதிரைக்குக் கீழே கிடந்த கிளிப்பைக் கேட்காமலே எடுத்துக்கொண்டேன்.

இப்போது என் வீட்டில் மெஷின் ஓடும்போது நானும் அதைக் கையில் பிடித்துக்கொண்டு, அக்கா காட்டித் தந்தபடி மூச்சைக் கவனிக்கிறேன். இடையிடையே என்னவர் கதவைத் தட்டி, “இஞ்சேர், உயிரோட இருக்கிறியோ?” என்று கேட்பார். கேட்க வேண்டும் என்று நான்தான் சட்டம் போட்டிருக்கிறேன். கண்ணைத் திறக்காமல், “ஓம், இருக்கிறன்” என்பேன். தியானம் கெட்டுத்தான் போகிறது. கெடட்டும்.